தாத்தாவை ஏன் தள்ளுகிறார்கள்?

போன மாதம் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே சண்டை கேட்டது.

"தாத்தாவ ஏங்க்கா தள்ளுறீங்க?"

எட்டிப் பார்த்தேன். கூடத்தின் நடுவில் நண்பரின் அப்பா நின்றுகொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியவர். இடுப்பில் அகலமான பட்டை கட்டியிருந்தது. பக்கத்தில் நின்ற பிசியோதெரபிஸ்ட் பெண் ஒரு கையால் அந்தப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவர் தோளை லேசாகத் தள்ளினார். தாத்தா ஆடினார், சமாளித்தார், சிரித்தார். அடுத்து மறுபக்கத்திலிருந்து ஒரு தள்ளு. ஆறாம் வகுப்புப் படிக்கும் பேத்திக்குக் கோபம் தாங்கவில்லை.

"ஆடாம நில்லுங்க தாத்தா!"

"ஆடட்டும் பாப்பா. ஆடுனாத்தான் நிக்கக் கத்துக்குவாரு" என்றார் பிசியோ அக்கா.

நாலு மாதத்துக்கு முன்னால் தாத்தாவுக்குப் பக்கவாதம். ஊரில் "ஒரு பக்கம் இழுத்துடுச்சு" என்று சொல்வார்களே, அது. வலது கையும் வலது காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நடக்கத் தடுமாறுகிறவரைப் பிடித்து நிறுத்துவதுதானே முறை, தள்ளுவார்களா? பேத்தியின் கேள்வி நியாயமானது. பதில் புரிய வேண்டுமானால் தாத்தாவைக் கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நாம் ஒரு பொம்மையிடம் போகலாம்.

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை தெரியும் அல்லவா? ராஜா, ராணி என்று ஜோடியாக விற்பார்களே, அடிப்பாகம் உருண்டையாக இருக்குமே, அந்த வகை. எந்தப் பக்கம் சாய்த்தாலும் எழுந்துகொள்ளும். அதன் எடையெல்லாம் அடியில் இருக்கிறது. சாய்த்தால் அந்த எடை கொஞ்சம் மேலே தூக்கப்படும். விட்டதும் அது கீழே இறங்கப் பார்க்கும், பொம்மை நிமிர்ந்துவிடும். மூளை வேண்டாம், கண் வேண்டாம், களிமண் போதும்.

நம் உடம்பு இதற்கு நேர் எதிர். தலை, நெஞ்சு, வயிறு என்று கனமெல்லாம் மேலே. கீழே இரண்டு சின்னப் பாதங்கள். மொத்த எடையும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாகக் கணக்குப் போட்டால், நிற்கும்போது அந்தப் புள்ளி தொப்புளுக்குச் சற்றுக் கீழே உடம்புக்குள் வரும். அதிலிருந்து ஒரு கல்லைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால், கல் இரண்டு பாதங்களும் அடைத்திருக்கும் இடத்துக்குள் தொங்க வேண்டும். வெளியே போனால் விழுந்தோம்.

நாம் பொம்மை மாதிரி இல்லை, ஒட்டடைக் கம்பு மாதிரி. வீட்டில் இருந்தால் எடுத்து உள்ளங்கையில் நிறுத்திப் பாருங்கள் (மின்விசிறியை அணைத்துவிட்டு!). கையை அசைக்காமல் வைத்திருந்தால் கம்பு விழும். அது சாயும் பக்கமெல்லாம் கையும் ஓடினால் நிற்கும். நம் கணுக்கால்கள் நாள் முழுக்கச் செய்வது இந்த வேலையைத்தான். நம்பிக்கை இல்லையென்றால் வெறுங்காலோடு சுவரோரமாக ஒற்றைக்காலில் நின்று, ஊன்றிய பாதத்தைக் குனிந்து பாருங்கள். கணுக்காலுக்கு முன்னால் நரம்பு மாதிரித் தெரியும் தசைநாண்கள் துடித்துக்கொண்டே இருக்கும். நீங்கள் அசையாமல் நிற்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அசையாமல் நிற்பது என்று ஒன்று கிடையாது. விழப் பார்ப்பதும் அதைத் திருத்துவதும்தான் நிற்பது.

எந்தப் பக்கம் விழப் பார்க்கிறோம் என்று மூளைக்கு யார் சொல்கிறார்கள்? மூன்று பேர். முதலாமவர் கண். இரண்டாமவர் உடம்பே: பாதத்தோல் எங்கே அழுந்துகிறது, தசை எவ்வளவு இழுபட்டிருக்கிறது, மூட்டு எவ்வளவு மடங்கியிருக்கிறது என்ற செய்திகள் நரம்பு வழியே ஓயாமல் போகின்றன. கண்ணை மூடிக்கொண்டு விரலால் மூக்கு நுனியைத் தொட முடிகிறதே, அது இவர் தயவால்தான்.

மூன்றாமவர் காதுக்குள் ஒளிந்திருக்கிறார். கேட்பதற்கு மட்டும்தான் காது என்று நினைத்துவிடாதீர்கள். உள்காதில் பக்கத்துக்கு மூன்றாக அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று செங்குத்தாக, ஓர் அறையின் மூலையில் இரண்டு சுவரும் தரையும் சேர்வது போல. உள்ளே திரவம். தலை திரும்பினால் திரவம் பின்தங்கி அங்குள்ள நுண்ணிய மயிரிழைகளை வளைக்கும், செய்தி போகும். ராட்டினத்திலிருந்து இறங்கிய பிறகும் ஊரே சுற்றுகிறதே, ஏன்? நீங்கள் நின்றுவிட்டீர்கள், திரவம் இன்னும் நிற்கவில்லை. இந்தக் குழல்களுக்குப் பக்கத்திலேயே பசை போன்ற மெத்தையின் மேல் குட்டிக் குட்டிப் படிகங்கள் பதிந்திருக்கின்றன. முட்டை ஓட்டில் இருக்கும் அதே கால்சியம் கார்பனேட். தலை சாய்ந்தால் அவை சரியும், எது மேல் எது கீழ் என்று மூளைக்குத் தெரியும்.

இந்தக் காது விஷயத்தைத் துலக்கியவர்களில் ஒருவர் வியன்னா நகர மருத்துவர் ராபர்ட் பாரானி. காதைக் கழுவும் தண்ணீர் ஜில்லென்று இருந்தால் நோயாளிக்குத் தலை சுற்றுகிறது, வெதுவெதுப்பாக இருந்தால் சுற்றுவதில்லை. ஏன் என்று கேட்டுக்கொண்டே போய் 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு வரை போய்விட்டார். அறிவிப்பு வந்தபோது அவர் முதல் உலகப்போரில் பிடிபட்டு ரஷ்யாவில் கைதியாக இருந்தார்! அது தனிக் கதை, இன்னொரு நாள் பார்ப்போம்.

மூன்று பேர் சொல்வதையும் கேட்டு உடனே கணக்குப் பார்ப்பதில் பெரிய பங்கு பின்மண்டையில் இருக்கும் சிறுமூளைக்கு. எடையில் மொத்த மூளையில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மனித மூளையின் சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் ஏறத்தாழ 6,900 கோடி அங்கேதான் அடைந்து கிடக்கின்றன. பெயர் வைத்தவர் எண்ணிப் பார்க்காமல் வைத்துவிட்டார் போல!

இப்போது டவுன் பஸ்ஸில் ஏறுங்கள். உட்கார இடமில்லை. ஓட்டுநர் லேசாக பிரேக் போட்டால் கணுக்கால் மட்டும் சமாளிக்கும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் இடுப்பு வளையும். சடாரென்று அடித்தால் ஒரு கால் தானாக முன்னே எட்டு வைக்கும் (பல சமயம் அடுத்தவர் காலின் மேல்). யோசித்தா செய்தீர்கள்? யோசிக்க நேரமில்லை. ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் தசைகள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன.

தாத்தாவிடம் கெட்டுப்போயிருந்தது இந்த வேகம். பக்கவாதம் வந்த அன்று காலை பல் துலக்கிக் கொப்பளிக்கும்போது வாயின் ஒரு ஓரமாகத் தண்ணீர் வழிந்தது. கையிலிருந்த டம்ளர் நழுவியது. மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்றில் அடைப்பு. சிலருக்கு அடைப்புக்குப் பதில் குழாய் வெடித்து இரத்தம் கசியும். எப்படியானாலும், இரத்தம் கிடைக்காத மூளைப்பகுதி பட்டினியில் சாகத் தொடங்கும். பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் போகும் என்பது மருத்துவர்கள் போட்ட கணக்கு. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஆகவே திடீரென்று ஒருவருக்கு முகம் ஒரு பக்கம் கோணினாலோ, தூக்கிய கை தொய்ந்து விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, பார்வை மங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, 'கொஞ்சம் படுத்தா சரியாயிடும்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 108.

தாத்தாவுக்கு அடைப்பு மூளையின் இடப்பக்கம். பாதிப்பு உடம்பின் வலப்பக்கம். மூளையிலிருந்து தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புகளில் பெரும்பாலானவை கழுத்துக்குச் சற்று மேலே இடம் வலமாக மாறிக்கொள்வதுதான் காரணம்.

காலில் ஒரு குறையும் இல்லை. எலும்பு, தசை எல்லாம் அப்படியே இருக்கின்றன. கட்டளைதான் வரவில்லை, வந்தாலும் தாமதமாக வருகிறது. பாதத்திலிருந்து மேலே போகும் செய்தியும் சரியாகப் போய்ச் சேரவில்லை. அதனால் தாத்தா தன்னை அறியாமலேயே உடம்பு முழுவதையும் இடது காலில் ஏற்றிக்கொண்டு நிற்பார். பிசியோ அக்கா இரண்டு எடை பார்க்கும் இயந்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் ஒரு கால் வைத்து நிற்கச் சொன்னாராம். இடது கால் மெஷின் 43 கிலோ காட்டியது, வலது கால் மெஷின் 19. பேத்தி நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.

இதைவிட வினோதமான பாதிப்பும் உண்டு. பக்கவாதம் வந்த சிலருக்கு 'நேர்' என்றால் எது என்பதே மாறிவிடுகிறது. ஜெர்மனி ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், அப்படிப்பட்டவர்கள் ஏறக்குறைய 18 பாகை சாய்ந்திருக்கும்போதுதான் 'இப்போது நேராக இருக்கிறேன்' என்று உணர்ந்தார்கள். நேராக உட்கார வைத்தால் விழுவது போலப் பயந்து, நல்ல கையை ஊன்றித் தங்களையே பலவீனமான பக்கம் தள்ளிக்கொள்வார்கள். ஆனால் அவர்கள் கண் பொய் சொல்வதில்லை. சுவரில் ஒரு கோட்டைக் காட்டினால் நேரா சாய்வா என்று சரியாகச் சொல்வார்கள். அதனால் அவர்களுக்குப் பயிற்சி தருகிறவர்கள், "கதவு நிலையைப் பாருங்கள், அதோடு உங்களை ஒத்துப் பாருங்கள்" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். ஒரு தூதர் ஏமாற்றினால் இன்னொருவரைக் கொண்டு சரிபார்க்கும் வித்தை.

பயிற்சி நாற்காலியிலிருந்து எழுவதில் தொடங்குகிறது. அது பெரிய காரியமா என்கிறீர்களா? நாற்காலியில் முதுகைச் சாய்த்து நேராக உட்காருங்கள். நண்பன் ஒரே ஒரு விரலை உங்கள் நெற்றியில் அழுத்தி வைக்கட்டும். இப்போது கையை ஊன்றாமல் எழுந்திருங்கள் பார்ப்போம். முடியாது! எழ வேண்டுமானால் தலை முன்னே வந்து, உடம்பின் எடை பாதங்களுக்கு மேல் வர வேண்டும். நம் மூளை இதை நமக்குச் சொல்லாமலே செய்துகொண்டிருந்தது. தாத்தாவின் மூளைக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. "மூக்கு கால்விரலுக்கு மேல வரட்டும் ஐயா, அப்புறம் எழுந்திரிங்க." தினம் பல தடவை எழுந்து உட்கார வேண்டும்.

பிறகு நின்றபடியே கையை நீட்டி, சாய்ந்தால்தான் எட்டும் தூரத்தில் இருக்கும் ஆரஞ்சுப் பழத்தை எடுப்பது. பழத்தை வேண்டுமென்றே வலப்பக்கம் வைப்பார்கள், எடை அந்தக் காலுக்குப் போகட்டும் என்று. அப்புறம் குதிகாலும் விரலும் ஒட்ட, கயிற்றின் மேல் நடப்பது போல நடை. மெத்தென்ற நுரைத் தலையணையின் மேல் நிற்பது: அங்கே பாதத்தின் செய்தி குழம்பிவிடும், காதும் கண்ணும் கூடுதலாக உழைக்க வேண்டும். சில சமயம் அக்கா கண்ணை மூடச் சொல்வார். ஒவ்வொரு தூதரையும் தனியாக நிறுத்திப் பரீட்சை வைப்பது போல.

இப்போது தள்ளுவதற்கு வருவோம். பஸ் பிரேக் போடும்போது கால் தானாக எட்டு வைத்ததே, அந்தத் திறமையை நாற்காலியில் உட்கார்ந்து கற்க முடியுமா? சுவரைப் பிடித்துக்கொண்டு? முடியாது. விழப் பார்த்தால்தான் சமாளிப்பதைக் கற்க முடியும். ஆகவே பாதுகாப்பாக விழப் பார்க்க வைக்கிறார்கள். பெரிய மையங்களில் உத்தரத்திலிருந்து தொங்கும் பட்டையில் உடம்பைக் கட்டி, காலடியில் ஓடும் டிரெட்மில்லைத் திடீரென்று அசைத்துப் பழக்குவதும் உண்டு. வீட்டில் அக்காவின் ஒரு கை தள்ளுகிறது, இன்னொரு கை இடுப்புப் பட்டையை விடுவதே இல்லை. எவ்வளவு தள்ளலாம் என்பது படித்துப் பழகியவர்களுக்குத்தான் தெரியும். உங்கள் வீட்டுத் தாத்தாவிடம் நீங்கள் முயன்று பார்க்கக் கூடாது, சொல்லிவிட்டேன்.

முன்னேற்றத்துக்கு மார்க்கும் உண்டு. கனடாவைச் சேர்ந்த கேத்தரின் பெர்க் உருவாக்கிய பரீட்சையை உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். 14 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 4 மார்க், மொத்தம் 56. கேள்வி என்றால் எழுதுவது இல்லை. பிடிக்காமல் 2 நிமிடம் நில், தரையில் கிடக்கும் செருப்பை எடு, திரும்பித் தோளுக்குப் பின்னால் பார், முழு வட்டம் சுற்று. கடைசிக் கேள்வி ஒற்றைக்காலில் நிற்பது. 10 விநாடியைத் தாண்டினால் முழு மார்க். தாத்தா முதல் தடவை 56க்கு 27. இப்போது 41. "நான் கணக்குல எடுத்ததவிட அதிகம்" என்று பேத்தியைப் பார்த்துக் கண்ணடித்தார். பேச்சு இன்னும் கொஞ்சம் இழுத்துத்தான் வருகிறது, கிண்டல் மட்டும் பழைய வேகத்தில்!

செத்துப்போன நரம்பணு திரும்ப வராது என்றால், 27 எப்படி 41 ஆனது? இதற்கு ஓர் அப்பா, இரண்டு மகன்களின் கதையைச் சொல்ல வேண்டும்.

பெத்ரோ பாக்-இ-ரிதா ஸ்பெயின் நாட்டின் கத்தலோனியாவில் வேர் கொண்டவர், கவிஞர், நியூயார்க்கின் சிட்டி காலேஜில் ஆசிரியர். 1950களின் கடைசியில், 65 வயதில், பக்கவாதம் அவரை வீழ்த்தியது. பேச்சு இல்லை, ஒரு பக்கம் அசையவில்லை. இதற்கு மேல் முன்னேற்றம் வராது என்பது அன்றைய மருத்துவர்களின் எண்ணம். மகன் ஜார்ஜ் அப்போது மெக்சிகோவில் மருத்துவ மாணவர். அப்பாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். பக்கவாத சிகிச்சை பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, அதுவே நல்லதாகப் போயிற்று. நடக்க முடியாதவரை எப்படி நடக்க வைப்பது? குழந்தை எப்படிக் கற்கிறது? முதலில் தவழ்கிறது. சரி, அப்பாவும் தவழட்டும்.

பேராசிரியர் முழங்காலில் தவழ்ந்தார். பலவீனமான தோளைச் சுவரில் சாய்த்துக்கொண்டு மாதக்கணக்கில் தவழ்ந்தார். அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தார்கள், படித்த மனிதரை நாய் மாதிரி தவழ விடுகிறானே என்று. ஜார்ஜ் கண்டுகொள்ளவில்லை. தரையில் கோலிக்குண்டு உருட்டி விளையாடினார்கள், பிடிக்க வேண்டியது பலவீனமான கை. பாத்திரம் கழுவும்போது அந்தக் கையால் கால்மணி நேரம் இப்படிச் சுழற்று, கால்மணி நேரம் அப்படிச் சுழற்று. தவழ்ந்தவர் முழங்காலில் நிமிர்ந்தார், எழுந்தார், நடந்தார். திரும்பவும் கல்லூரியில் பாடம் நடத்தினார். சில ஆண்டுகள் கழித்துக் கொலம்பியாவில் மலையேறியபோது மாரடைப்பால் இறந்தார். பக்கவாதக்காரர் மலையேறினார் என்பதைக் கவனியுங்கள்.

இறந்த பின் மூளையைப் பரிசோதித்தவர்கள் திகைத்தார்கள். மூளையிலிருந்து முதுகுத்தண்டுக்கு இறங்கும் நரம்புகளில் பெரும்பகுதி அழிந்தே கிடந்தது. காயம் ஆறவே இல்லை. அப்படியானால் அவர் நடந்தது எப்படி? பிழைத்திருந்த பகுதிகள் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. நெடுஞ்சாலையில் பாலம் இடிந்தால் வண்டிகள் ஊருக்குள்ளே சந்து சந்தாகப் போய் வழி கண்டுபிடிப்பது போல. போகப் போகச் சந்தும் சாலையாகிவிடும். இன்னொரு மகன் பால் மூளை ஆராய்ச்சியாளர். அந்த மூளையின் படங்களைப் பார்த்தது அவர் வாழ்க்கையைத் திருப்பியது. பின்னாளில், காதின் சமநிலை உறுப்பு ஒரு மருந்தால் கெட்டுப்போன ஒரு பெண்ணுக்காகக் கருவி செய்தார். தலை எந்தப் பக்கம் சாய்கிறதோ நாக்கின் அந்தப் பக்கம் சோடா குடித்தது போலச் சுறுசுறுவென்னும். மூளை அதைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கற்றுக்கொண்டது. நாக்கால் நிற்பது! ஜாடை புரிந்தால் போதும், யார் சொன்னாலும் மூளை கேட்டுக்கொள்ளும்.

ஆனால் சந்து சாலையாக வேண்டுமானால் அதில் வண்டி ஓட வேண்டும், திரும்பத் திரும்ப. முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும். மெதுவாகும் என்றால் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும் வீடு தேடி வருகிறது. பஸ் ஏறிப் போக முடியாதவருக்குத்தானே பஸ்ஸில் நிற்கும் பயிற்சி தேவை.

வீட்டில் இருப்பவர்களுக்கும் வேலை உண்டு. பேத்தி அக்காவிடம் கற்ற சில விஷயங்கள்: தாத்தாவைத் தூக்க ஒருபோதும் வலது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, தளர்ந்த தோள்மூட்டு நழுவிவிடும். கூட நடந்தால் பலவீனமான பக்கம் நடக்க வேண்டும், பிடி இடுப்பில். ஹவாய் செருப்பு வேண்டாம், குதிகாலில் வார் உள்ளது வேண்டும். நடக்கும் வழியில் மிதியடி, பள்ளிக்கூடப் பை எதுவும் கிடக்கக் கூடாது. பை அவளுடையது என்பதால் இதை மட்டும் தயங்கித்தான் சொன்னாள்.

இன்னொன்று, தாத்தா நடக்கும்போது பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. 1997இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று முதியவர்களோடு நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்துப் பார்த்தது. பதில் சொல்ல நடையை நிறுத்தியவர்களில் பலர் அடுத்து வந்த மாதங்களில் விழுந்தார்கள். நடப்பதே மூளைக்குப் பெரிய வேலையாக இருந்தால் பேசுவதற்கு மிச்சம் இருக்காது. ஆனால் பயிற்சி நேரத்தில் அக்காவே தாத்தாவை நடக்கவிட்டு, நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து எண்ணச் சொல்கிறார். 97, 94, 91... தாத்தா 88இல் எப்போதும் நின்றுவிடுகிறார்.

நான் போன அன்று கடைசிப் பாடம் மாடிப்படி. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். ஏன் என்று பேத்திதான் எனக்கு விளக்கினாள். ஏறும்போது மேலே வைத்த கால்தான் உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது மேலே நிற்கும் கால்தான் உடம்பை மெல்ல இறக்குகிறது. இரண்டு தடவையும் கடினமான வேலை மேல்படியில் இருக்கும் காலுக்கு, அது நல்ல காலாக இருக்கட்டும்.

தாத்தா இடது கையால் கைப்பிடியைப் பற்றி ஆறு படி ஏறினார். ஏழாவதில் படி திரும்புகிறது. அங்கிருந்து கைப்பிடி வலப்பக்கம், தாத்தாவின் கை வராத பக்கம். அவரைப் படியிலேயே உட்கார வைத்துவிட்டு, இதற்கு என்ன செய்யலாம் என்று அக்காவும் பேத்தியும் நோட்டில் படம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கிளம்பியதை மூவருமே கவனிக்கவில்லை.